மொட்டையடிக்கப்பட்ட நாயகி: ஜப்பான் பெண்கள் மல்யுத்தத்தில் வில்லிக்கு என்ன வேலை?

1985 ஆகஸ்ட் 28. ஒசாகா-ஜோ ஹால் என்ற பெரிய உள்ளரங்கம். ரிங்கின் நடுவே இருபது வயதுப் பெண் ஒருவர். நெற்றி கிழிந்து முகமெல்லாம் ரத்தம். நூறு கிலோவை ஒட்டிய உடம்பும் முகம் நிறையச் சாயமுமாக நிற்கும் இன்னொரு பெண்ணும் அவருடைய கூட்டமும் அந்தப் பெண்ணின் தலைமுடியை வெட்டி மழிக்கிறார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் பள்ளி மாணவிகள். கைகளைக் கோத்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு, வீட்டில் ஏதோ சாவு விழுந்துவிட்டதைப் போல அழுகிறார்கள்.

மழிக்கப்படுபவர் சிகுசா நகாயோ. அன்றைய ஜப்பானியச் சிறுமிகளின் கனவு நாயகி. மழிக்கிறவர் டம்ப் மட்சுமோட்டோ. அதே சிறுமிகள் மனதார வெறுத்த வில்லி.

அந்தப் போட்டியின் வீடியோவை முதல்முறை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காசு கொடுத்து வந்த கூட்டத்துக்கு, அவர்கள் நேசிக்கிற பெண்ணை அடித்துத் துவைத்துக் காட்டுவது என்ன வியாபாரம்? நாயகி ஜெயித்தால்தானே கூட்டம் மறுபடி வரும்? பிறகு மேலும் சில பழைய போட்டிகளைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த இரவில் அதிகம் உழைத்தவர் வில்லிதான். அதன் பலன் முழுக்க நகாயோவுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறேன். மல்யுத்தமே பார்த்திராதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

கொஞ்சம் அடிப்படை

தொழில்முறை மல்யுத்தத்தை ஜப்பானில் ‘புரோரெசு’ என்பார்கள். பெண்கள் ஆடுவது ‘ஜோஷி புரோரெசு’. ஜோஷி என்றால் பெண்கள். ஒலிம்பிக்கில் பார்க்கும் மல்யுத்தம் வேறு, இது வேறு. இங்கே யார் ஜெயிப்பது என்பது பொதுவாக முன்கூட்டியே முடிவாகியிருக்கும். ஆனால் விழுவது நிஜம், வலிப்பதும் நிஜம். தொண்ணூறுகளில் தொலைக்காட்சியில் டபிள்யூடபிள்யூஎஃப் பார்த்து, அட்டைகளை வைத்து யார் உயரம், யார் எடை என்று விளையாடியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கதையில் இரண்டு பக்கம் உண்டு. கூட்டம் கைதட்டும் பக்கம் ‘பேபிஃபேஸ்’, கூட்டம் திட்டும் பக்கம் ‘ஹீல்’. நமக்கு வசதியாக நாயகி, வில்லி என்றே வைத்துக்கொள்வோம்.

நாம் பேசும் காலத்தில் பெண்கள் மல்யுத்தத்தை ஆட்டிவைத்தது ஒரே ஒரு நிறுவனம்: அகில ஜப்பான் பெண்கள் மல்யுத்தம். ரசிகர்கள் சுருக்கமாக ‘ஜென்ஜோ’ என்பார்கள். மட்சுனாகா சகோதரர்கள் 1968இல் தொடங்கியது, 2005 வரை நடந்தது. பயிற்சிக்கூடம் டோக்கியோவின் மெகுரோ பகுதியில். பள்ளியின் நடுநிலை வகுப்பை முடித்த கையோடு, பதினைந்து பதினாறு வயதுப் பெண்கள் வந்து சேர்வார்கள். மூன்று தடைகள் பிரபலம்: மது கூடாது, புகை கூடாது, ஆண் சகவாசம் கூடாது. இன்னொரு எழுதப்படாத விதி, இருபத்தைந்து வயதானால் ஓய்வு. இந்தக் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் புதுமுகமாக வந்து, அடி வாங்கி, எழுந்து, நட்சத்திரமாகி, விடைபெறுவது எல்லாமே பத்து வருடத்துக்குள் நடந்தாக வேண்டும். அதனால் இந்தக் கதைகளுக்கு ஒரு அவசரம் இருக்கும். பார்க்கிற சிறுமிக்கும் ரிங்கில் நிற்கிறவருக்கும் வயது வித்தியாசம் ஐந்தாறு வருடம்தான்.

இதற்கெல்லாம் பத்து வருடம் முன்பே பாதை போட்டவர்கள் ‘பியூட்டி பேர்’ என்ற ஜோடி, ஜாக்கி சடோவும் மாகி உவேடாவும். எழுபதுகளின் பின்பாதியில் இவர்கள் ரிங்கில் பாட்டும் பாடினார்கள், அந்த இசைத்தட்டுகள் சக்கைப்போடு போட்டன. அதுவரை ஆண்கள் கூட்டம் பார்த்த ஆட்டம், இவர்களுக்குப் பிறகு பள்ளி மாணவிகளின் ஆட்டமாக மாறியது. அந்த மாணவிகளில் சிலர் பார்ப்பதோடு நிற்காமல் மெகுரோவுக்கே வந்து கதவைத் தட்டினார்கள்.

ஒரே வகுப்புத் தோழிகள்

1980ஆம் ஆண்டு ஜென்ஜோவில் சேர்ந்த கூட்டத்தில் மூன்று பேர் நமக்கு முக்கியம். நாகசாகி மாவட்டத்து ஓமுராவிலிருந்து வந்த சிகுசா நகாயோ, வயது பதினைந்து. சைதாமாவிலிருந்து வந்த தொமோகோ கிதாமுரா, பிற்பாடு ‘லயனஸ் அசுகா’. அதே சைதாமாவின் குமகாயாவிலிருந்து வந்த கவோரு மட்சுமோட்டோ. இவருக்குத்தான் பின்னர் டம்ப் லாரியின் பெயரை வைத்தார்கள்.

அசுகா தொடக்கத்திலிருந்தே கெட்டிக்காரி. மற்ற இருவரும் கடைசி பெஞ்சு. நகாயோவின் ஆட்டம் எடுபடவில்லை, மட்சுமோட்டோவை யாரும் பெரிதாக நினைக்கவே இல்லை. 1983 தொடக்கத்தில் நகாயோவும் அசுகாவும் ஒரு போட்டியில் மோதினார்கள். இருவருக்குமே இந்தத் தொழில் போதும் என்ற மனநிலை. போகிறதுதான் போகிறோம், வழக்கமான ஆட்டத்தை விட்டுவிட்டு நிஜமாகவே அடித்துக்கொள்வோம் என்று இறங்கினார்கள். உதையும் அறையுமாக நடந்த அந்தப் போட்டி கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த வருடமே இருவரையும் ஜோடி சேர்த்தார்கள். பெயர் ‘க்ரஷ் கேல்ஸ்’. 1984இல் பாட்டும் வந்தது. ஃபுஜி தொலைக்காட்சி வழியே நாடு முழுக்கப் பரவினார்கள். குட்டை முடி, பையன்களைப் போன்ற நடை, ரிங்குக்கு வெளியே கூச்சம். சிறுமிகள் பைத்தியமாகிப் போனார்கள்.

சரி, நாயகிகள் தயார். அவர்கள் யாரை எதிர்த்து நிற்பது?

1984இல் மட்சுமோட்டோ டம்ப் என்ற பெயரோடு முழு வில்லியாக வந்து நின்றார். தங்கநிறச் சாயம் பூசிய முடி, கண்ணைச் சுற்றிக் கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள், தோல் ஜாக்கெட், சங்கிலி, கையில் ஷினாய் என்னும் மூங்கில் வாள். ‘கொக்குவாகு தோமே’ என்று ஒரு கூட்டத்தையும் அமைத்தார். பச்சையாகத் தமிழில் சொன்னால் மகாபாவிகள் கூட்டணி. பதின்வயதிலேயே தலையில் பாதியை மழித்துக்கொண்டு அந்தக் கூட்டணியில் சேர்ந்த புல் நகானோவைப் பிறகு பார்ப்போம். போதாக்குறைக்கு ஷிரோ ஆபே என்றொரு நடுவர். நாயகி வில்லியைத் தரையில் அமுக்கிப் பிடித்தால் (மூன்று எண்ணும்வரை எழாவிட்டால் தோல்வி) ஆமை வேகத்தில் எண்ணுவார். வில்லி நாயகியை அமுக்கினால் மின்னல். மூங்கில் வாளை எடுக்கும்போது சரியாக வேறு பக்கம் பார்ப்பார். இவர்மீது கூட்டத்துக்கு இருந்த கோபம் வில்லிமீது இருந்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

அநியாய நடுவர் ஏன் தேவை? பலசாலி ஒருவர் பலம் குறைந்தவரை அடித்தால் பரிதாபம் வரும், அவ்வளவுதான். விதியைக் காக்க வேண்டியவனே கண்ணை மூடிக்கொள்ளும்போது வருவது வேறு. வகுப்பில் யாரோ செய்த தப்புக்குத் தான் அடி வாங்கிய பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அந்த நடுவரை உடனே அடையாளம் தெரியும். மட்சுமோட்டோவின் கூட்டணி தொட்டது அந்த இடத்தை.

சின்னப் பெண்ணும் பூதமும்: போட்டியின் உள்வேலை

இளம் வீராங்கனை ஒருவர் அசைக்க முடியாத வில்லியை எதிர்கொள்ளும் போட்டிக்கு ஒரு வழக்கமான கட்டுமானம் உண்டு. பெரிய ஹாலில் நடந்தாலும் சரி, டோக்கியோவின் கொரக்குவென் ஹால் போன்ற சின்ன இடத்தில் நடந்தாலும் சரி, எலும்புக்கூடு ஒன்றுதான்.

புதுமுகத்தை உடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். அலங்காரம் எதுவும் இல்லாத ஒற்றை நிற நீச்சலுடை. கையில் இருக்கும் வித்தைகளும் கொஞ்சம்தான்: ஓடி வந்து இரண்டு காலாலும் உதைக்கும் டிராப்கிக், தூக்கிப் போடும் பாடி ஸ்லாம், முதுகை வளைத்துக் கழுத்தால் தாங்கும் பிரிட்ஜ். இதற்கு மேல் செய்ய அனுமதி இருக்காது. திறமை இல்லை என்பதற்காக அப்படி வைக்கவில்லை. பெரிய வித்தைகளைப் பெரியவர்களுக்கு விட்டு வைப்பது மரபு. இன்னொரு லாபமும் உண்டு. ஒரே உதையை ஆறு முறை உதைத்தும் அசையாத எதிரி ஏழாவது உதைக்கு ஒரு காலடி பின்வாங்கினால், அரங்கமே எழுந்து நிற்கும். நூறு வித்தை தெரிந்தவர் நூறையும் காட்டினாலும் இந்தச் சத்தம் வராது.

வில்லி பெரும்பாலும் மணி அடிக்கும் முன்பே பாய்வார். புதுமுகம் கையை நீட்டி வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதல் அடி விழும். மரியாதை தெரிந்தவள் யார், தெரியாதவள் யார் என்பது ஐந்தே விநாடியில் முடிந்த விஷயம். அப்புறம் ரிங்குக்கு வெளியே இழுத்துப் போய் நாற்காலி வரிசைகளுக்குள் எறிவது. பார்வையாளர்கள் சிதறி ஓடுவார்கள். இது வெறும் அமளி இல்லை. தன் நாற்காலியே ஆயுதமாகிவிட்டால், மேடையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று அதற்குள் நிற்கிறார்.

பிறகு நீண்ட நேரம் ஒருதலையான அடி. புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சலிப்பு தட்டும் இடம் இதுதான். இங்கே வில்லியைப் பார்க்காதீர்கள், அடி வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள். நகாயோவின் மேதைமை முழுக்க இங்கேதான் இருந்தது. விழுந்து கிடக்கும்போது கூட்டத்தின் பக்கம் நீளும் கை, எழ முயன்று முழங்கால் மடங்குவது, கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி எதிரியை முறைப்பது. அடியின் வலியைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோவது அடிக்கிறவரின் கையில் இல்லை, வாங்குகிறவரின் உடம்பில் இருக்கிறது. அசுகா எல்லாரையும்விட நன்றாக உதைத்தார். நகாயோ எல்லாரையும்விட நன்றாக விழுந்தார். சிறுமிகளின் மனதில் யார் ஆழமாக இறங்கினார் என்று கேட்டால் நான் நகாயோ என்றுதான் சொல்வேன், அசுகா ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

நடுநடுவே சின்னச் சின்ன நம்பிக்கைகள். ஒரு உதை பலிக்கும். வில்லி தடுமாறுவார். பெயர் சொல்லிக் கத்தும் கோஷம் கிளம்பும். உடனே ஆயுதமோ அடியாளோ குறுக்கே வந்து அதை வெட்டிவிடும். கொடுப்பது போலக் காட்டிப் பிடுங்குவது. இதைத் துல்லியமான நேரத்தில் செய்யத் தெரிந்தவர்தான் நல்ல வில்லி. ஒரு விநாடி முன்னால் வெட்டினால் நம்பிக்கையே பிறந்திருக்காது, ஒரு விநாடி தாமதித்தால் அது நீர்த்துப்போகும்.

கடைசியில் எண்ணிக்கை. தோள்கள் இரண்டும் தரையில் இருக்க நடுவர் தரையை அடித்து மூன்று எண்ணினால் ஆட்டம் முடிந்தது. மூன்றாவது அடி விழ மயிரிழை இருக்கும்போது தோளைத் தூக்குவதை ஜப்பானிய வர்ணனையாளர்கள் ‘2.9’ என்பார்கள். புதுமுகத்துக்கு வெற்றி கிடைக்காது என்பது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அவருடைய வெற்றி வேறு கணக்கில் போகிறது: எத்தனை முறை தோளைத் தூக்கினார்? சரணடைய மறுத்து எவ்வளவு நேரம் தாங்கினார்? புதுமுகங்களின் போட்டிகள் பெரும்பாலும், குப்புறப் படுக்க வைத்துக் கால்களைப் பின்னால் இழுத்து வளைக்கும் பாஸ்டன் கிராப் பிடியில் முடிவதற்குக் காரணம் இதுதான். அதில் தோற்பதென்றால் ‘போதும்’ என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் இழுத்துக்கொண்டே போகிற ஒவ்வொரு நொடியும் அந்தப் பெண்ணின் பெயரில் வரவு வைக்கப்படும்.

ஜென்ஜோவில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. இளையவர்களுக்கு இடையிலான போட்டிகளில், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒருவரை ஒருவர் நிஜமாகவே அமுக்கிப் பிடித்து ஜெயிக்க விட்டுவிடுவார்கள். தோளைத் தூக்க முடிந்தால் தூக்கு, முடியாவிட்டால் தோற்றாய். முடிவு முன்பே தீர்மானமான ஒரு தொழிலுக்குள் இப்படி ஒரு நிஜப் பந்தயம்! யாரை மேலே தூக்குவது என்பதை நிர்வாகம் இதைப் பார்த்தும் எடை போட்டது. சகோதரிகளைப் போல ஒரே அறையில் தூங்குகிறவர்கள் மறுநாள் பகையாளிகளாக முறைத்துக்கொண்டதற்கும் இதில் பங்குண்டு.

முடி

இனி ஒசாகாவுக்குப் போகலாம். தோற்றவர் முடியை இழக்க வேண்டும் என்ற பந்தயப் போட்டி மெக்சிகோவில் நீண்டகாலமாக இருப்பது. ஜப்பானில் இதைக் ‘காமிகிரி டெத்மேட்ச்’ என்றார்கள். காமிகிரி என்றால் முடிவெட்டு. ‘கூந்தல் பெண்ணின் உயிர்’ என்று ஜப்பானிய மொழியில் ஒரு பழஞ்சொல்லே உண்டு. அந்தப் பழஞ்சொல் தெரிந்த கூட்டத்தின் முன்னால், நாயகியை நாற்காலியில் உட்கார வைத்து மழிப்பது என்றால் அது எங்கே போய்க் குத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் நகாயோ ஜெயிப்பார் என்றுதான் வந்தார்கள். மட்சுமோட்டோ ஜெயித்தார். தோற்ற பிறகும் விடவில்லை. மழிப்பதை மெதுவாக, அனுபவித்து, கூட்டத்துக்குக் காட்டிக் காட்டிச் செய்தார்கள்.

இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்த இரவில் நகாயோ வென்றிருந்தால், பிடித்த நாயகிக்கு இன்னொரு வெற்றி, அவ்வளவுதான். கூட்டம் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கும். தோற்றதால் யாரும் தூங்கவில்லை. மொட்டைத் தலையோடு மறுபடி ரிங்கில் ஏறிய நகாயோ அந்தச் சிறுமிகளுக்குப் பாட்டுப் பாடும் நட்சத்திரமாக மட்டும் தெரியவில்லை. அவமானப்பட்டும் அடுத்த நாள் வேலைக்கு வந்த அக்காவாகத் தெரிந்தார். முடி வளர மாதங்கள் ஆகும். அந்த மாதங்கள் முழுக்க, ஊர் ஊராக நடந்த ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், அவருடைய தலையே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. விளம்பரமே தேவையில்லை.

இந்த நன்மைக்கான விலையைக் கட்டியவர் மட்சுமோட்டோ. அவர் குடும்ப வீட்டின்மீது கல் எறிந்தார்கள் என்பது அவரே பேட்டிகளில் சொன்னது. ரிங்குக்கு வெளியிலும் அவர் சிரித்துப் பேசிப் பெயர் கெடுத்துக்கொள்ளவில்லை (வில்லிக்குச் சிரிப்புதான் கெட்ட பெயர்). வில்லன் நடிகரை நிஜ வில்லனாக நினைத்துத் தெருவில் திட்டிய கதைகள் நம்மூர்ப் பழைய சினிமாவிலும் உண்டு. ஆனால் நடிகர் படப்பிடிப்பு முடிந்தால் முகத்தைக் கழுவிவிடலாம். மட்சுமோட்டோவுக்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஓர் ஊரில் போட்டி. அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் அவரும் பியூட்டி பேர் ரசிகைதான். ஜாக்கி சடோவைப் பார்த்துத்தான் மெகுரோவுக்கு வந்தார்.

நிஜம் எங்கே முடிகிறது?

இதைக் கேட்காத புது ரசிகர் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், அடிக்கிறவர் காப்பாற்றுகிறவராகவும் இருக்க வேண்டும். பயிற்சிக்கூடத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பது அடிக்க இல்லை, விழ. ‘உகேமி’ என்பார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல், கைகளால் தரையை ஓங்கி அறைந்து, விழும் வேகத்தை முதுகு முழுக்கப் பரப்புவது. ரிங்கின் தரை மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய விரிப்பு. நூற்றுக்கணக்கில் விழுந்து எழுந்து பழகிய பிறகே போட்டி. புதுமுகத்தைத் தூக்கிப் போடுகிற மூத்த வில்லி, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு விழத் தெரியும் என்று கணக்குப் போட்டுத்தான் போடுவார். அதனால்தான் முக்கியமான இளையவர்களை அனுபவம் வாய்ந்த வில்லிகளிடம் விடுகிறார்கள். கொடூரமாகத் தெரிய வேண்டும், மறுநாள் அந்தப் பெண் நடக்கவும் வேண்டும்.

இந்த நம்பிக்கை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2015 பிப்ரவரி 22இல் கொரக்குவென் ஹாலில் ஸ்டார்டம் என்ற இன்னொரு பெண்கள் மல்யுத்த நிறுவனத்தின் பட்டப் போட்டி ஒன்றில் சாம்பியன் நிஜமாகவே முகத்தில் குத்தத் தொடங்கினார். சவால் விட்டவருக்கு முக எலும்புகள் முறிந்தன. துண்டை எறிந்து போட்டியை நிறுத்தினார்கள். நிறுவனமே ஆடிப்போனது. அந்த வீடியோவைத் தேடிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: அதில் கதை என்று எதுவுமே இல்லை. ஒசாகாவில் அத்தனை ரத்தத்துக்கு நடுவிலும் கூட்டம் ஒரு நாயகியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே அவர்கள் பார்த்தது ஒரு விபத்தை.

பூதத்தின் பரம்பரை

வில்லி ஒரு தனி ஆள் இல்லை, ஒரு பொறுப்பு. கை மாறிக்கொண்டே வரும். பாதித் தலை மழித்த புல் நகானோ, மட்சுமோட்டோவின் அடியாளாக இருந்து, 1990 தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஜென்ஜோவின் உச்சப் பட்டமான டபிள்யூடபிள்யூடபிள்யூஏ சிவப்பு பெல்ட்டை வைத்திருந்தார். அவரிடமிருந்து 1992 நவம்பரில் அதைப் பறித்தவர் அஜா காங். டோக்கியோவின் தச்சிகாவாவில் பிறந்தவர், தந்தை அமெரிக்கப் படைவீரர். கையைச் சுழற்றிப் புறங்கையால் முகத்தில் அடிப்பது அவர் முத்திரை. தகர டின்னாலும் அடிப்பார். 1994இல் புல் நகானோ டோக்கியோ டோமில் டபிள்யூடபிள்யூஎஃப் பெண்கள் பட்டத்தையும் வென்றார். 2024இல் டபிள்யூடபிள்யூஈ (டபிள்யூடபிள்யூஎஃப்பின் இன்றைய பெயர்) அவரைத் தன் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது.

இன்னொரு பக்கம், நகாயோ 1989இல் ஓய்வு பெற்று, திரும்பி வந்து, கையா ஜப்பான் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1995 ஏப்ரல் 15, அதன் முதல் நிகழ்ச்சி. அன்று அறிமுகமானவர்களில் ஒருவர் நீகாட்டாவிலிருந்து வந்த மெய்கோ சடோமுரா, வயது பதினைந்து. நகாயோவும் அந்த வயதில்தான் தொடங்கினார். சில வருடங்களில் அஜா காங்கும் கையாவுக்கு வந்து சேர, இருபதை ஒட்டிய வயதில் சடோமுராவுக்குத் தன் பூதம் கிடைத்தது. உடம்பிலும் அனுபவத்திலும் தன்னைவிடப் பல மடங்கு பெரியவரை வெறும் உதைகளால் குறைத்துக்கொண்டே வரும் சடோமுராவைப் பார்த்தால், மேலே சொன்ன கட்டுமானம் ஆயுதங்களும் அடியாட்களும் இல்லாமலே எப்படி வேலை செய்கிறது என்று புரியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது இந்த ஜோடியைத்தான். 2025 ஏப்ரல் 29இல் கொரக்குவென் ஹாலில் சடோமுரா விடைபெற்ற நாளிலும் எதிர் மூலையில் அஜா காங் நின்றார்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரிங்கைச் சுற்றி டிராக் சூட்டில் குனிந்தபடி நாலைந்து சிறுமிகள் நிற்பார்கள். தண்ணீர் பாட்டில், ஐஸ் பை, சிதறிய காகித ரிப்பன்கள் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவர்கள் இன்னும் போட்டியே ஆடாதவர்களாகவும் இருக்கலாம். வெளியே எறியப்பட்ட அக்காவை எழுப்பி விடுகிற அந்த முகத்தில் நிஜமான பயம் தெரியும். ஒரு மூன்று வருடம் கழித்து அந்தச் சிறுமி அதே வில்லியின் முன் நிற்பாள்.

ஒசாகாவில் விட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். 1986 நவம்பரில், அதே ஒசாகா-ஜோ ஹாலில், அதே பந்தயம். இந்த முறை நகாயோ ஜெயித்தார். மட்சுமோட்டோ உட்கார்ந்தார், முடி போனது. ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த கூட்டத்துக்கு அது தீபாவளி.

1988 பிப்ரவரி, கவாசாகி. மட்சுமோட்டோவின் கடைசி நாள். அவரோடு 1980இல் சேர்ந்த யுகாரி ஓமோரிக்கும் அதே நாளில்தான் விடை. இருவரும் ஒரு ஜோடியாக நின்று க்ரஷ் கேல்ஸை எதிர்த்து ஆடினார்கள். அது முடிந்த பிறகு ஜோடிகளை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை ஆடினார்கள், அட்டவணையில் இல்லாத ஆட்டம். நான்கு பேருமே 1980 செட். ஒரு மூலையில் அசுகாவும் ஓமோரியும். எதிர் மூலையில், ஒரே அணியாக, டம்ப் மட்சுமோட்டோவும் சிகுசா நகாயோவும்.